உண்மைக்கு ஓரிடம் வகுத்தவர்

ஓர் இளைஞன் உற்ற இடர்

சென்னை மாநகரின் தென்பால், அடையாற்றுக்கு அப்புறத்தே, தரமணி என்னும் பகுதி உள்ளது. அறிவு வளர்க்கும் நிலையங்கள் பல அங்கே அமைந்துள்ளன. 1962 இல் தோன்றிய கணித அறிவியல் நிறுவனமும், 1970 இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அங்கே இருக்கின்றன. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்பார் தேடித் தேடித் திரட்டிய தமிழ் நூல்களைப் போற்றிக் காக்கும் ஆராய்ச்சி நூலகமும் அங்கேயே உள்ளது. 2000 ஆம் ஆண்டில் டைடல் பூங்கா என்னும் பெருங்கட்டடம் அங்கே திறக்கப்பெற்றது. அதுமுதல், கணிப்பொறிக்கு நிரல் எழுதும் இளைஞர்கள் காலையும் மாலையும் அணியணியாய்ச் சென்றுவரும் இடமாகவும் தரமணி விளங்குகிறது. நிரல் என்பது, கணிப்பொறி செய்ய வேண்டிய செயல்களை முறைப்படுத்தி எழுதிய கட்டளைத் தொகுதியாகும்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் தரமணியில் அத்தொழில் செய்து வருகிறான். ஓய்வூதியம் பெறும் முதியோர், அலுவலகத்திற்கு வந்து அலையாமல், வீட்டிலிருந்தபடியே தம் முகவரியை மாற்றிக்கொள்வதற்கென இணையப் பக்கம் ஒன்றை அவன் அமைத்தான். மயிலாப்பூரில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் வேறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். பேரனைத் துணைக்கொண்டு அப்பக்கத்தில் தம் புதிய முகவரியைப் பதிந்தார். மாற்றம் முடிந்தது என்று கணிப்பொறியும் விடை தந்தது. ஆயினும் அவருக்குரிய கடிதம் பழைய வீட்டிற்கே சென்றது. வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டிய நாளை நினைவூட்டும் கடிதம் அது. கடிதம் கிட்டாமையால் அம்மூதாட்டியார் சான்றிதழ் அளிக்கத் தவறினார். அடுத்த மாதம் ஓய்வூதியம் நின்றுபோயிற்று.

செய்தியறிந்த மாணவன் மனம் கலங்கினான். தான் எழுதிய கட்டளைகளை எழுத்தெழுத்தாகப் படித்தான். காற்புள்ளி பிறழ்ந்ததோ, அடைப்புக்குறி விடுபட்டதோ என்று ஆராய்ந்தான். முகவரியை மீண்டும் மாற்றிப் பார்த்தான், மாறியது. கடிதத்தை மீண்டும் அச்சிட்டுப் பார்த்தான். பழைய முகவரியே வந்தது. மூன்று இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. பிழை உண்டு என்பது தெரிந்தது. எங்கே உண்டு என்பது தெரியவில்லை. நான்காம் நாள், அத்தொழிலில் முதிர்ந்த அம்மையார் ஒருவர் அவன் அருகில் வந்து அமர்ந்தார். அவர் கட்டளைகளைப் பார்க்கவே இல்லை. அந்த மூதாட்டியின் முகவரி உன் ஏடுகளில் எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் வினவினார். மாணவன் எண்ணிப் பார்த்தான். நான்கு இடங்களில் இருந்தது. அவன் மாற்றியது மூன்று. கடிதம் எடுத்துக்கொண்டது நான்காவதை.

அம்மையார் கேட்ட அந்த எளிய கேள்விக்குப் பின்னால் பேரறிஞர் ஒருவரின் நெடுநாளைய உழைப்பு இருக்கிறது. தகவல்களை எவ்வாறு எழுதி வைத்தால் அவை ஒன்றோடொன்று முரணாமல் இருக்கும் என்பதற்குக் கணிதத்தின் துணைகொண்டு விடை வகுத்தவர் எட்கார் பிராங்க் காட் என்னும் ஆங்கிலேயர். அவருடைய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டின் தென்கரையில் டார்செட் என்னும் மாவட்டம் உள்ளது. அதனைச் சார்ந்து கடலுள் நீண்டு கிடப்பது போர்ட்லந்து தீவு. கட்டடத்திற்குரிய வெண்கல்லுக்கு அத்தீவு பெயர் பெற்றது. இலண்டன் நகரின் தூய பவுல் பேராலயமும் அக்கல்லால் எழுந்ததே. அத்தீவில் 1923 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19 ஆம் நாள் எட்கார் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஏழாவது குழந்தை, எல்லாருக்கும் இளையவர். தந்தையார் தோல் பொருள் தொழில் செய்தவர். தாயார் பள்ளி ஆசிரியை.

எட்கார் பூல் என்னும் ஊரிலிருந்த இலக்கணப் பள்ளியில் பயின்றார். பின்னர் உதவித்தொகை பெற்று ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எக்சிட்டர் கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தது. 1942 இல் அவர் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு வான்படையில் சேர்ந்தார். விமான ஓட்டியாகப் பணியாற்றினார். போர் ஓய்ந்தபின் மீண்டும் கல்லூரிக்குச் சென்று, 1948 இல் கணிதத்தில் பட்டம் பெற்றார்.

தொழிலும் துணிவும்

பட்டம் பெற்ற அவ்வாண்டிலேயே எட்கார் கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள நியூயார்க்கு நகரை அடைந்தார். ஆக்சுபோர்டில் கற்றவருக்கும் வேலை எளிதில் வாய்த்துவிடவில்லை. சில காலம் பெரிய அங்காடி ஒன்றில் ஆடை விற்பவராக நின்றார். பிறகு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில திங்கள் கணிதம் கற்பித்தார். 1949 இல் ஐபிஎம் என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தில் கணித நிரல் எழுதுபவராகச் சேர்ந்தார். அந்நாளைய கணிப்பொறி மேசைமேல் அமர்வதன்று. ஒரு பெருங்கூடம் முழுவதையும் நிறைத்து நிற்பது. ஆயிரக்கணக்கான வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறி, தெருவில் செல்வோர் கண்ணாடிச் சுவர் வழியே கண்டு வியக்குமாறு நியூயார்க்கு நகரில் நிறுவப்பட்டிருந்தது. அதற்குக் கட்டளை எழுதுவதிலேயே எட்காரின் தொழில் தொடங்கிற்று.

1950 ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க நாட்டில் ஓர் அச்சம் பரவியது. மெக்கார்த்தி என்னும் மேலவை உறுப்பினர், பொதுவுடைமைக் கொள்கையினர் என்று ஐயுற்று அறிஞர், கலைஞர், அலுவலர் எனப் பலர்மீதும் பழி சுமத்தினார். போதிய சான்று இல்லாமலே பலர் வேலை இழந்தனர். சான்றின்றிப் பழி கூறுதலை எட்காரின் உள்ளம் ஏற்கவில்லை. தம்மீது எவரும் பழி கூறவில்லை என்று வாளா இருக்கவும் அவரால் இயலவில்லை. நல்ல ஊதியம் தந்த வேலையை 1953 இல் துறந்து, கனடா நாட்டின் ஒட்டாவா நகருக்குச் சென்றார். நான்கு ஆண்டுகள் அங்கே பணிபுரிந்து, 1957 இல் மீண்டும் ஐபிஎம் நிறுவனத்திற்குத் திரும்பினார்.

திரும்பியவர் ஒரு கணிப்பொறி ஒரே காலத்தில் பல நிரல்களை மேற்கொண்டு நடத்துவதற்குரிய வழிகளை ஆராய்ந்தார். ஆயினும் தம் கல்வி போதாது என்னும் எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. நாற்பது வயதை நெருங்கும் காலத்தில், மனைவியும் மக்களும் உடைய குடும்பத்தலைவராகிய அவர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். தன்னைப் போலவே பிறிதொன்றைத் தானே படைத்துக்கொள்ளும் அமைப்பைப் பற்றி ஆராய்ந்தார். வான் நியூமன் என்னும் கணித மேதை அத்தகைய அமைப்பிற்கு அதன் ஒவ்வோர் அறைக்கும் 29 நிலைகள் வேண்டும் என்று வகுத்திருந்தார். எட்கார் 8 நிலைகளே போதும் என்று காட்டினார். மிகையானதை நீக்கி, வேண்டுவதை மட்டும் நிறுத்தும் திறம் இவ்வாராய்ச்சியிலேயே வெளிப்பட்டது. 1965 இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்துத் தகவல் ஏடுகள்

பின்னர் எட்கார் கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஓசே என்னும் ஊரிலிருந்த ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்திற்குச் சென்றார். அந்நாளில் வங்கிகளும் தொழிற்சாலைகளும் அரசு அலுவலகங்களும் தம் பேரேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கியிருந்தன. இவ்வாறு கணிப்பொறியில் ஒழுங்குற அடுக்கி வைத்த தகவல் தொகுதியைத் தரவுத்தளம் என்பர்.

அப்போது வழக்கிலிருந்த தரவுத்தளங்கள் மரம் போன்றவை. அடிமரத்திலிருந்து கிளைக்கும், கிளையிலிருந்து கொம்புக்கும், கொம்பிலிருந்து இலைக்கும் செல்ல வேண்டும். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோத் திட்டத்தின் எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கிட்டு வைப்பதற்கென ஐபிஎம் நிறுவனம் வகுத்த தரவுத்தளமும் இத்தகையதே. சார்லசு பாக்மன் என்னும் அறிஞர் வலைப்பின்னல் போன்ற வேறொரு முறையை அமைத்தார். இம்முறைகள் அக்காலத்தில் பெரும்பணி ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு தகவலை அடைவதற்கு அது இருக்கும் வழியை நிரல் எழுதுவோர் அறிந்திருத்தல் வேண்டும். எந்த வாயிலில் நுழைந்து, எந்த அறையைக் கடந்து, எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதையெல்லாம் கட்டளையாக எழுத வேண்டும். வீட்டுக்காரர் ஒரு சுவரை இடித்து வேறிடத்தில் வாயில் வைத்துவிட்டால், பழைய வழியை நம்பி எழுதிய நிரல்களெல்லாம் பயனற்றுப்போம். அவற்றை மீண்டும் திருத்தி எழுதுவதிலேயே பலருடைய காலம் கழிந்தது. இந்நிலையை எட்கார் கூர்ந்து நோக்கினார்.

அட்டவணையும் உறவும்

1970 ஆம் ஆண்டு சூன் திங்களில், அமெரிக்கக் கணிப்பொறியாளர் கழகத்தின் இதழொன்றில் எட்காரின் கட்டுரை வெளிவந்தது. அது பதினொரு பக்கமே உடையது. ஆயினும், பின்வந்த அரை நூற்றாண்டில் உலகம் தன் கணக்குகளை எழுதிய முறையை மாற்றியமைத்தவற்றுள் அக்கட்டுரை தலையாயது எனலாம்.

அதன் கருத்து மிக எளியது. தகவல்களையெல்லாம் அட்டவணைகளாக எழுதுக என்பதே அது. ஒவ்வோர் அட்டவணையிலும் குறுக்கே வரிகளும் நெடுக்கே பத்திகளும் இருக்கும். பள்ளியில் ஆசிரியர் எழுதும் வருகைப் பதிவேடு போன்றது அது. ஒவ்வொரு வரியையும் பிற வரிகளிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். ஒரே வகுப்பில் முருகன் என்னும் பெயருடையார் இருவர் இருக்கலாம்; ஒரே சேர்க்கை எண் உடையார் இருவர் இருத்தல் இயலாது. அத்தகைய எண்ணை முதன்மைத் திறவுகோல் என்பர். ஓர் அட்டவணையின் முதன்மைத் திறவுகோலை மற்றோர் அட்டவணையில் குறித்து வைத்தால், இரண்டும் தொடர்புற்றுவிடும். அவ்வாறு வந்து நிற்பதை அயல் திறவுகோல் என்பர். கணிதத்தில் உறவு என்று வழங்கும் கருத்தின்மேல் இம்முறை எழுந்தமையால், இதற்கு உறவுநிலைத் தரவுத்தளம் என்று பெயர் வந்தது.

இதனினும் சிறந்த கருத்து ஒன்றும் அதில் உண்டு. நிரல் எழுதுபவர் தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் கூறினால் போதும். அதனை எவ்வழியால் தேடுவது என்பது கணிப்பொறியின் பொறுப்பு. நூலகத்திற்குச் சென்று நூலின் பெயரைச் சொல்கிறோம். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று நாம் சொல்வதில்லை. நூலகரே அறிந்து கொணர்கிறார். அதுபோன்றதே இதுவும். அலமாரிகளை இடம் மாற்றினும் நாம் கேட்கும் முறை மாறாது.

மூவகைக் குற்றங்கள்

அட்டவணையாக எழுதினால் மட்டும் போதுமோ? போதாது. எவ்வெவற்றை ஒரே அட்டவணையில் சேர்த்து எழுதலாம், எவ்வெவற்றைப் பிரித்து எழுத வேண்டும் என்பதற்கு விதி வேண்டும். 1970 இல் தொடங்கிய அவ்விதிகளை எட்கார் 1971 இல் மேலும் விரித்துரைத்தார். இவ்வாறு பிரித்து ஒழுங்குசெய்தலை இயல்பாக்கம் என்பர். அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

ஒரு பள்ளி நூலகத்தில் நூல் இரவல் ஏடு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் மாணவனின் சேர்க்கை எண், பெயர், வீட்டு முகவரி, எடுத்துச்சென்ற நூல், எடுத்த நாள் ஆகியவற்றை எழுதுகின்றனர். ஒரு மாணவி ஆண்டில் இருபது நூல்கள் எடுத்தால், அவள் முகவரி இருபது முறை எழுதப்படும். இதிலிருந்து மூவகைக் குற்றங்கள் பிறக்கின்றன.

முதலாவது, மாற்றத்தால் வரும் குற்றம். அம்மாணவியின் குடும்பம் வேறு தெருவிற்குக் குடிபோகிறது. எழுத்தர் பத்தொன்பது வரிகளைத் திருத்தி ஒன்றை மறந்துவிடுகிறார். இப்போது அந்த ஏடு ஒரே மாணவிக்கு இரண்டு முகவரிகளைக் கூறும். இரண்டனுள் எது மெய், எது பொய் என்று அந்த ஏட்டைக்கொண்டு அறிய இயலாது. இரண்டாவது, சேர்த்தலால் வரும் குற்றம். புதிதாகச் சேர்ந்த மாணவன் இன்னும் ஒரு நூலும் எடுக்கவில்லை. ஆதலின் அவன் முகவரியை எழுத அந்த ஏட்டில் வரியே இல்லை. மூன்றாவது, நீக்கலால் வரும் குற்றம். ஒரு மாணவன் எடுத்த நூல்களைத் திருப்பித் தந்தான் என்று அவன் வரிகளை நீக்கினால், அவன் முகவரியும் உடன் அழிந்துபோகும்.

இம்மூன்றற்கும் மருந்து ஒன்றே. மாணவர் ஏடு ஒன்று, இரவல் ஏடு ஒன்று என இரண்டாகப் பிரித்தல் வேண்டும். மாணவர் ஏட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரே வரி. முகவரி அங்கே மட்டும் இருக்கும். இரவல் ஏட்டில் சேர்க்கை எண்ணும் நூலும் நாளும் மட்டும் இருக்கும். முகவரி மாறினால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். மறப்பதற்கு வேறிடம் இல்லை. ஓர் உண்மைக்கு ஓர் இடம் என்பதே இயல்பாக்கத்தின் சாரமாகும்.

தமிழ் கற்பார்க்கு இது புதிய செய்தியன்று. ஒரே நூல் பத்து ஊர்களில் பத்து ஏட்டுச் சுவடிகளாக இருந்த காலத்தில், ஒரு சுவடியில் நிகழ்ந்த திருத்தம் மற்றவற்றில் ஏறவில்லை. ஒன்றில் நேர்ந்த பிழை, அதனைப் பார்த்து எழுதிய சுவடிகளிலெல்லாம் தொடர்ந்தது. பாடவேறுபாடுகள் பல இவ்வாறே தோன்றின. சீவக சிந்தாமணியை 1887 இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல சுவடிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டு மெய்ப்பாடத்தைத் தேட வேண்டியவரானார். பல படிகள் இருப்பின் நூல் அழியாமல் காக்கப்படும் என்பதும் உண்மையே. ஆனால் அவற்றுள் எது மூலம் என்று தெரியாதபோது உழைப்பு பன்மடங்காகிறது.

மறுப்பும் ஒரு காவல்

உறவுநிலைத் தரவுத்தளம் சில வேளைகளில் நாம் இட்ட கட்டளையை ஏற்க மறுக்கும். மாணவர் ஏட்டில் இல்லாத சேர்க்கை எண்ணை இரவல் ஏட்டில் எழுத முற்பட்டால், பிழை என்று கூறித் தடுத்துவிடும். புதிதாகத் தொழில் கற்போர் இதனைக் கண்டு சினம் கொள்வர். தடையை நீக்கிவிட்டால் வேலை முடியுமே என்று எண்ணுவர். அது தக்கதன்று. இல்லாத மாணவனுக்கு நூல் கொடுத்ததாகக் கணக்கு எழுதுவதைத் தடுக்கும் வாயிற்காவலன் அவ்விதி. அது கூறும் பிழைச் செய்தியைப் பொறுமையுடன் முழுதும் படித்தல் வேண்டும். பெரும்பாலும் நோயின் இடத்தை அச்செய்தியே சுட்டும்.

மறுக்காமல் ஏற்பதனால் விளையும் தீங்கும் உண்டு. ஒரே கட்டளையால் பல வரிகளை மாற்றும் ஆற்றல் இம்முறைக்கு உண்டு. இன்ன எண்ணுடைய வரியில் மட்டும் மாற்றுக என்னும் நிபந்தனையை எழுத மறந்தால், கணிப்பொறி யாதொரு தடையும் கூறாமல் எல்லா வரிகளையும் மாற்றிவிடும். ஆயிரம் மாணவர்க்கும் ஒரே முகவரி வந்துவிடும். ஆதலால், மாற்றக் கருதும் வரிகள் எவை என்பதை முதலில் எடுத்துப் பார்த்து, பின்னரே மாற்றுவது அறிவுடையோர் வழக்கம். வினை முடியுமுன் தவறு தெரிந்தால் பழைய நிலைக்கே மீட்டுக்கொள்ளும் வழியும் இன்றைய தரவுத்தளங்களில் உண்டு. அவ்வழி இருக்கிறது என்று அறிந்து முன்னரே அதனை அமைத்துக்கொண்டவருக்கே அது பயன்படும்.

எதிர்ப்பும் வெற்றியும்

எட்காரின் கருத்தை உலகம் உடனே ஏற்றுக்கொண்டதா எனில், இல்லை. அவர் பணிபுரிந்த நிறுவனமே தயங்கிற்று. மரம் போன்ற பழைய தரவுத்தளத்தால் அந்நிறுவனம் பெரும்பொருள் ஈட்டி வந்தது. அதனைக் கைவிட அதற்கு மனம் வரவில்லை. வேறு சிலர், இம்முறை கணிதச் சுவடியில் அழகாக இருக்கலாம், நடைமுறையில் விரைந்து இயங்காது என்றனர். 1974 இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் நடந்த கூட்டத்தில் எட்காருக்கும் பாக்மனுக்கும் சொற்போர் நிகழ்ந்தது. பாக்மன் அதற்கு முன்னாண்டே கணிப்பொறி உலகின் தலைசிறந்த பரிசாகிய டூரிங் விருதைப் பெற்றவர். அத்தகையவர் எதிர்நின்றபோதும் எட்கார் தம் கொள்கையில் தளரவில்லை.

கொள்கை மெய்யாதல் சொல்லால் மட்டும் நிலைபெறாது. செய்து காட்டல் வேண்டும். சான் ஓசேயில் ஐபிஎம் ஆராய்ச்சியாளர் குழுவினரும், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் இசுடோன்பிரேக்கர், வாங் ஆகியோர் தலைமையில் அமைந்த குழுவினரும் உறவுநிலைத் தரவுத்தளங்களைத் தனித்தனியே உருவாக்கினர். சேம்பர்லின், பாய்சு என்னும் இளைஞர் இருவர், அட்டவணைகளை வினவுதற்கு எளிய ஆங்கிலச் சொற்களால் ஆகிய ஒரு மொழியை வகுத்தனர். அதுவே நாளடைவில் எஸ்கியூஎல் என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. பாய்சு எட்காருடன் சேர்ந்து இயல்பாக்க விதிகளுள் ஒன்றையும் செம்மை செய்தவர். 1974 இல் மிக இளைய வயதிலேயே மறைந்தார். 1979 இல் ஆரக்கிள் என்னும் தரவுத்தளம் விற்பனைக்கு வந்தது. ஐபிஎம் நிறுவனமும் 1981 முதல் உறவுநிலைத் தரவுத்தளங்களை விற்கத் தொடங்கிற்று. பதினொரு ஆண்டுகளுக்கு முன் தன் இல்லத்திலேயே பிறந்த கருத்தை அது அப்போதுதான் சந்தைக்குக் கொணர்ந்தது. அதே 1981 இல் எட்காருக்கு டூரிங் விருது வழங்கப்பெற்றது.

பிற்கால வாழ்வு

புகழ் வந்தபின் எட்காருக்கு வேறொரு கவலை பிறந்தது. உறவுநிலை என்னும் பெயருக்கு மதிப்பு உண்டானமையால், அந்நெறியைப் பின்பற்றாத நிறுவனங்களும் தம் பண்டங்களுக்கு அப்பெயரையே சூட்டி விற்றன. இதனை அவர் பொறுத்திலர். 1984 இல் ஐபிஎம் நிறுவனத்தை விட்டு விலகிய அவர், 1985 இல் பன்னிரண்டு விதிகளை வெளியிட்டார். ஒரு தரவுத்தளம் உறவுநிலைப்பட்டதுதானா என்பதை அவ்விதிகளைக்கொண்டு எவரும் உரசிப் பார்க்கலாம். பொன்னுக்கு உரைகல் போல அவ்விதிகள் பயன்பட்டன. வணிகர்க்கு அவை உவப்பாக இல்லை. ஆயினும் பெயரும் பொருளும் ஒன்றுபட வேண்டும் என்பதில் எட்கார் உறுதியாக நின்றார்.

முதுமையிலும் அவர் எழுதுவதையும் அறிவுரை வழங்குவதையும் விட்டிலர். 2003 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 18 ஆம் நாள், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தம் எழுபத்தொன்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். வங்கியில் பணம் எடுக்கும்போதும், தொடர்வண்டியில் இடம் பதியும்போதும், தேர்வு முடிவை அறியும்போதும் நாம் அறியாமலே அவர் வகுத்த நெறியைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றோம்.

இடர் தீர்ந்தது

தரமணி மாணவனின் இடர் எவ்வாறு தீர்ந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். விடுபட்ட நான்காம் இடத்தையும் மாற்றிவிட்டு எழுந்து செல்ல அவன் முதலில் எண்ணினான். அது அந்த ஒரு மூதாட்டிக்கு மட்டுமே உதவும் என்று அம்மையார் எடுத்துரைத்தார். பிறகு இருவரும் அமர்ந்து, முகவரிக்கென ஒரே அட்டவணை அமைத்தனர். கடிதம் எழுதும் நிரலும், பணம் அனுப்பும் நிரலும், ஏனைய இரண்டும் அவ்வோர் இடத்திலிருந்தே முகவரியைப் பெறுமாறு செய்தனர். விரைவு கருதி எங்கேனும் படி வைத்துக்கொள்ள நேர்ந்தால், மூலம் இது, படி இது என்று தெளிவாகக் குறித்து வைக்கவும் முடிவு செய்தனர். பழைய ஏடுகளை ஒப்பிட்டபோது, அம்மூதாட்டியாரைப் போலவே வேறு சிலருடைய முகவரிகளும் முரண்பட்டிருத்தல் தெரியவந்தது. அவர்கள் இன்னும் முறையிடவில்லை. எவரும் முறையிடுமுன் அவையும் திருத்தப்பெற்றன.

மூதாட்டியார் சான்றிதழ் அளித்தார். நின்ற ஓய்வூதியம் நிலுவையோடு வந்தது. எட்கார் என்னும் பெயரை அவர் கேட்டிரார். தம் வீட்டு முகவரிக்கும் போர்ட்லந்துத் தீவில் பிறந்த ஒருவருடைய சிந்தனைக்கும் தொடர்பு உண்டு என்பதை அறிந்திரார். மாணவன் அறிந்துகொண்டான். இப்பொழுது ஒரு பிழை எதிர்ப்படும்போது, தான் எழுதிய வரியைத் தேடுமுன், அந்த உண்மை எத்தனை இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் எண்ணிப் பார்க்கிறான் என்று என்னிடம் கூறினான்.

மாணவர்களே! நீங்களும் ஒரு நாள் பிறருடைய பெயரையும் முகவரியையும் கணக்கையும் எழுதிக் காக்கும் பணியை மேற்கொள்ளலாம். ஏட்டில் இருப்பது எழுத்தாயினும், அதன் பின்னால் இருப்பவர் ஒரு மனிதர் என்பதை மறவாதிருங்கள். அவரைப் பற்றிய உண்மையை ஓரிடத்தில் எழுதுங்கள். அதனைத் திருத்தமுற எழுதுங்கள்.